நாள்பட்ட முதுகுவலிக்கு நரம்புத் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வலியைக் கடத்தும் நரம்பின் அருகே மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துவதுதான் நரம்புத் தடுப்பு ஊசி. பெரும்பாலும் அதோடு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் சேரும். ஊசி சரியான இடத்தில் இறங்குகிறதா என்று எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே போடுவார்கள். மரத்துப்போகும் மருந்து சில மணி நேரமே நிற்கும். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். பலன் கிடைத்தால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்.

சரி, இவ்வளவு குறுகிய நிவாரணம் எதற்கு? வீட்டில் எந்த லைனில் கோளாறு என்று அறிய ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்ப்போமே, அதுபோல எந்த நரம்பைத் தடுத்ததும் வலி அடங்குகிறது என்பதை வைத்து வலியின் மூலத்தைக் கண்டுபிடிக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் இதன் பெரிய பயன். அப்புறம், வலி குறைந்திருக்கும் அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஊசியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் வலி திரும்பிவிடும்.

வலி காலுக்கு இறங்குகிறவர்களுக்குப் பலன் வாய்ப்பு கூடுதல். முதுகில் மட்டும் பொதுவாக வலிப்பவர்களுக்குக் குறைவு. சர்க்கரை நோய் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கால் பலவீனமானாலோ ஊசியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த ஊசி நரம்பைச் சாகடித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, மருந்தின் வேகம் தணிந்ததும் நரம்பு பழையபடி இயங்கும்.