கனடாவில் மசாஜ் செய்ய லைசன்ஸ் கட்டாயமா? ஊரில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த அம்மா இங்கே செய்து சம்பாதிக்க முடியாதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அம்மா ஸ்பொன்சரில் வந்திருக்கிறார். ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் சுளுக்குக்காரருக்கும் எண்ணெய் பூசி உருவிவிட்டுப் பழகியவர். இங்கே பேஸ்மண்டில் பொழுது போகாமல் இருக்கிறார். தெரிந்த நாலு பேருக்குச் செய்து கொடுத்தால் கைச்செலவுக்கு ஏதாவது வரும் என்று யோசிக்கிறீர்கள். இது சரியில்லை என்றால் கீழே திருத்துங்கள். ஒன்ராறியோவில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் கனடாவில் இந்த விஷயம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதிவு கட்டாயம். அல்பேர்டாவில் இதற்கென்று அரசுச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறைச் சபையே கிடையாது. நான் ஸ்காபரோவில் ஆர்.எம்.ரி., அதாவது பதிவுபெற்ற மசாஜ் தெரபிஸ்ட். சட்டத்தரணி இல்லை. என் தொழிலுக்கு அவசியமான அளவு சட்டம் தெரியும்.

ஒன்ராறியோவில் மசாஜ் தெரபி ஒரு சுகாதாரத் தொழில். தாதிமார், பல் வைத்தியர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் வருகிற அதே 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் நாங்களும் வருகிறோம். எங்களுக்கென்று தனியாக ஒரு மசாஜ் தெரபிச் சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. இது நேற்று முளைத்த தொழில் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இந்த மாகாணத்தில் 1919இலிருந்து இந்தத் தொழிலுக்கு ஒழுங்குமுறை இருக்கிறது. இப்போது பதிவைப் பார்த்துக்கொள்வது சி.எம்.ரி.ஓ. என்ற அமைப்பு. அதில் பதியாத ஒருவர் மசாஜ் தெரபிஸ்ட் என்றோ ஆர்.எம்.ரி. என்றோ பெயர் போட்டுக்கொண்டால் முதல் தடவைக்கே 25,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம்.

ஆனால் சட்டம் தடுப்பது அந்தப் பெயரைத்தான். ஒருவரின் தோளைப் பிடித்துவிடுவது குற்றம் என்று எங்கும் எழுதவில்லை. உங்கள் அம்மா மருமகளுக்கு எண்ணெய் பூசி உருவினால் யாரும் கேட்கப்போவதில்லை. வெளியாட்களுக்குக் காசுக்குச் செய்யத் தொடங்கினால் மாநகரசபை உள்ளே வரும். ரொறன்ரோவில் ஆர்.எம்.ரி. அல்லாத மாற்றுச் சிகிச்சைக்காரருக்கு ஹொலிஸ்டிக் என்று ஒரு லைசன்ஸ் வகை இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஊர் வைத்தியத்தை இழிவுபடுத்துகிறாள் என்று இதற்குள் யாராவது எழுதத் தொடங்கியிருப்பீர்கள். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். எனக்கு முதலில் கை பழக்கியது என் அம்மம்மாதான். நாரிப்பிடிப்பு என்று வருகிறவர் படலையைத் தாண்டி நடந்து வருவதைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். முறிவு நெரிவு பார்க்கிற பரியாரிமாரின் விரல்களுக்குத் தெரிந்தது இங்கே பட்டம் பெற்ற பலருக்குத் தெரியாது என்பதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். கையில் திறமை இருக்கிறதா என்பதல்ல லைசன்ஸ் கேட்கிற கேள்வி. உடுப்பைக் களைந்து மேசையில் படுக்கிற ஒரு மனுசிக்கு ஏதாவது பிழை நடந்தால் அவள் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா, அந்த இடத்துக்குப் பல் இருக்கிறதா, அதுதான் கேள்வி.

படிப்பு லேசானதில்லை. டிப்ளோமா ஏறத்தாழ 2,200 மணித்தியாலம். உடற்கூறு, உடற்றொழில், நோயியல், மாணவர் கிளினிக் என்று நீளும். நான் பின்னேரத்தில் பக்டரியில் நின்றுகொண்டு பகலில் படித்தேன். எலும்புகளினதும் தசைகளினதும் பெயர்களைப் பஸ்ஸுக்குள் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். படிப்பு முடிந்தபின் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் இருக்கின்றன. செய்முறையில் நோயாளியாக நடிக்க ஒருவரை வைத்திருப்பார்கள். பரீட்சகர் பார்த்துக்கொண்டிருக்க, அவரிடம் விசாரித்து, பரிசோதித்து, சம்மதம் கேட்டு, செய்து காட்ட வேண்டும். அங்கே எனக்குக் கையைவிட வாய்தான் அதிகம் நடுங்கியது.

இவ்வளவு எதற்கு, எண்ணெய் பூசித் தேய்க்கிறதுக்கா என்று என் சொந்தக்காரரே கேட்டார்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன். கொழும்பிலிருந்து பிளேனில் வந்து இறங்கிய ஒரு அன்ரி, கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறது, நல்லாக அழுத்தி உருவிவிடு பிள்ளை என்று வந்தார். ஒரு கால் மட்டும்தான் வீங்கியிருந்தது. தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு. நான் உருவவில்லை. நேரே எமேர்ஜென்சிக்குப் போகச் சொல்லி மகனைக் கூப்பிட்டேன். அன்ரிக்கு என்மேல் கோபம், இவ்வளவு தூரம் வந்தும் கை வைக்க மாட்டேன் என்கிறாளே என்று. ஆஸ்பத்திரியில் ஸ்கான் செய்து, ஆழத்து நாளத்தில் இரத்தக்கட்டி என்றார்கள். அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கைராசி மட்டும் உள்ள ஒருவர், பாவம் நோகிறதே என்று, நல்ல மனதோடுதான் அந்தக் காலை அழுத்தியிருப்பார்.

அடுத்தது ஒழுங்கு. ஒவ்வொருவருக்கும் கோப்பு வைக்க வேண்டும், கடைசியாக வந்த நாளிலிருந்து 10 வருடம் அதைப் பாதுகாக்க வேண்டும். நெஞ்சுப் பகுதி, பிட்டம், உட்தொடை போன்ற இடங்களில் கை வைக்கத் தேவை இருந்தால் ஏன் என்று விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அவர் இடையில் வேண்டாம் என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். யார் பதிவில் இருக்கிறார், யார்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள் என்பதைச் சி.எம்.ரி.ஓ.வின் இணையத்தளத்தில் எவரும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். என் பெயரையும் பார்க்கலாம். நோயாளியோடு பாலியல் உறவு கொண்டதாக நிரூபணமானால் பதிவு போய்விடும், திரும்ப விண்ணப்பிக்கவே 5 வருடம் பொறுக்க வேண்டும். கடைசிச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் வரைக்கும் அவர் நோயாளியாகத்தான் கணக்கு.

இந்த விதி கணவன் மனைவிக்கும் பொருந்தும். என் கணவர் டிரக் ஓட்டுகிறார், நாரி உளைவு அவருக்கு ஓயாது. வீட்டில் மனுசியாகத் தைலம் பூசிவிடுவேன். ஆனால் கோப்புத் திறந்து, காசு வாங்கி, பற்றுச்சீட்டு எழுதி அவரை நோயாளியாக எடுக்க முடியாது, எடுத்தால் என் பதிவு போகலாம். அவர் வேறொரு ஆர்.எம்.ரி.யிடம் போகிறார். இதைச் சொன்னால் கலியாண வீடுகளில் சிரிக்கிறார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிற இடத்தில் விதிவிலக்குகள் கூடினால் யார் மாட்டுவார் என்பது பெண்களுக்குத் தெரியும்.

சரி, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

பதிவு கிடைத்த புதிதில் நம்மவர் ஒருவரின் கிளினிக்கில் வேலை செய்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். இங்கே ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, மசாஜுக்குக் காசு தராது, வேலைத்தலத்துக் காப்புறுதிதான் தரும். அதிலும் பெரும்பாலான திட்டங்கள் ஆர்.எம்.ரி.யின் பதிவு எண் உள்ள பற்றுச்சீட்டை மட்டுமே ஏற்கும். வருட முடிவில் மிச்சம் இருக்கிற தொகை காலாவதியாகும் என்பதால் டிசம்பரில் கூட்டம் அள்ளும். அப்படி ஒரு டிசம்பரில் முதலாளி ஒரு கட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு குடும்பம் முழுவதற்கும் பற்றுச்சீட்டு, தகப்பன், தாய், யூனிவர்சிட்டியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். நான் அந்தத் தகப்பனைத் தவிர வேறு எவரையும் கண்ணால் கண்டதில்லை. இன்னும் சிலருக்கு, பின்னறையில் வேலை செய்த ஒரு அக்கா செய்திருந்தார். அவருக்குப் பதிவு கிடையாது. நல்ல கை, நல்ல மனுசி, ஊரில் உங்கள் அம்மாவைப் போலவே பெயர் எடுத்தவர். அவர் செய்ததெல்லாம் என் எண்ணில் போக வேண்டும்.

"ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை. எல்லா இடமும் நடக்கிறதுதான். காப்புறுதிக்காரன்ர காசு, எங்கட சனத்தின்ர காசில்லையே" என்றார்.

"அண்ணை, நான் தொடாத ஆளுக்கு என்ர நம்பரில றிசீற் போகாது" என்றேன்.

பிறகு நைசாகக் கதைத்தார், அதற்குப் பிறகு சத்தம் போட்டார், கடைசியில் அடுத்த கிழமை எனக்கு நேரம் ஒதுக்கவில்லை. நானே விலகினேன். பதிவு எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பது வெறும் காசோலையில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதைப் போல, எவ்வளவு எழுதுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அதோடு முடியவில்லை. "பெரிய சட்டம் கதைக்கிற ஆள், எடுத்தால் தலையிடி" என்று மற்றக் கிளினிக்குகளுக்கும் கதை போயிருந்தது. வேலை தேட நாள் எடுத்தது. அந்தக் காலம் முழுவதும் வீட்டு மோர்கேஜ் என் கணவரின் ஸ்டியரிங்கில்தான் ஓடியது. எனக்கு இன்றைக்கும் அந்த முடிவில் பெருமைதான்.

நீ என்ன பெரிய உத்தமியா என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் ரொறன்ரோ போக்குவரத்துச் சபையில் நடந்ததைத் தேடி வாசியுங்கள். ஒரு கடை கொடுத்த பொய்ப் பற்றுச்சீட்டுகளை வைத்து ஊழியர்கள் காப்புறுதியில் காசு எடுத்திருந்தார்கள். 2014இல் தொடங்கிய விசாரணையில் 200க்கும் மேற்பட்டவர்கள் ஒன்றில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள் அல்லது தாங்களே விலகிப் போனார்கள். கடைக்காரர் சிறைக்குப் போனார். பொய்ப் பற்றுச்சீட்டுக் காசுக்காக ஓய்வூதியம் உள்ள வேலையை இழந்த குடும்பங்கள் அவை. அதில் மாட்டிக்கொண்டது காப்புறுதிக் கம்பனி இல்லை.

பின்னறை அக்காவைத்தான் நான் அதிகம் நினைப்பேன். அவருக்கு மணித்தியாலத்துக்கு அடிப்படைச் சம்பளம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை. கையில் காசு, கணக்கில் இல்லை. ஏதாவது நடந்திருந்தால் அவருக்குக் காப்புறுதியும் இல்லை, சார்பாகப் பேச ஒரு சங்கமும் இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் கையை நீட்டினால்கூட முறைப்பாடு செய்ய அவருக்குப் பயம், தன் வேலையே மறைவில் நடக்கிறது என்பதால். லைசன்ஸ் இல்லாத வேலையில் முதலில் அடிபடுவது அந்த வேலையைச் செய்கிற பெண்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வருட வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் நாங்கள் நோயாளியிடம் 13 வீதம் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியை வாங்கிக் கட்ட வேண்டும். பிசியோவுக்கு அந்த வரி இல்லை, கைரோபிராக்டருக்கு இல்லை. 2024 ஜூனிலிருந்து உளச்சிகிச்சையாளருக்கும் எடுத்துவிட்டார்கள், நல்ல விஷயம், சந்தோசம். ஒழுக்கத்தில் எங்களை மற்றச் சுகாதாரத் தொழில்களோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள், சரி. வரி என்று வரும்போது மட்டும் எங்களைத் தலைமயிர் வெட்டுகிற கடையோடு சேர்ப்பது எந்த நியாயம்? நோவோடு வருகிற பக்டரிச் சனத்திடம் அந்த 13 வீதத்தைக் கேட்பது நான்தான், ஒட்டாவாவில் இருக்கிறவர்கள் இல்லை. கிளினிக் தன் பங்கை எடுத்து, எங்களைச் சுயதொழில் என்று எழுதி, லீவுச் சம்பளமும் தராமல் விடுகிற கதையை வேறொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு வருவோம். ஊரில் முறையான படிப்பும் சான்றிதழும் இருந்தால், வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியை மதிப்பிட்டுப் பார்க்கும் வழி சி.எம்.ரி.ஓ.வில் இருக்கிறது. முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், ஏஜென்ட் எவருக்கும் காசு கொடுக்காதீர்கள். படிப்பில்லை, கைப்பழக்கம் மட்டும் என்றால் ஆர்.எம்.ரி.க்குக் குறுக்குவழி கிடையாது. ஹொலிஸ்டிக் லைசன்ஸ் பற்றி மாநகரசபையில் விசாரிக்கலாம். ரொறன்ரோவில் அதற்கு மாநகரசபை ஏற்றுக்கொண்ட ஒரு தொழில்சார் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். மார்க்கம், மிசிசாகா, ஏஜக்ஸ் என்று ஒவ்வொரு ஊரின் விதியும் வேறு, அதனால் நீங்கள் இருக்கிற ஊரின் அலுவலகத்திலேயே கேளுங்கள். அந்த லைசன்ஸில் கொடுக்கிற பற்றுச்சீட்டைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்காது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஹொலிஸ்டிக் லைசன்ஸ் வைத்து நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை.

பிள்ளைப்பெற்ற வீடுகளில் உதவி செய்கிற வேலைக்கும் நம்மவர் மத்தியில் நல்ல தேவை இருக்கிறது. பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, தாய்க்கு ஒத்தாசை. உங்கள் அம்மாவுக்கு அது கைவந்த வேலையாக இருக்கும், அதற்கு இந்தத் தலையிடி ஒன்றுமில்லை.

யாராவது "அம்மா செய்யட்டும், நம்பருக்கு நான் ஆள் வைத்திருக்கிறன்" என்று வந்தால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கோயிலில் எவ்வளவு பெரிய உபயகாரராக இருந்தாலும், அம்மாவை அங்கே விடாதீர்கள்.