பெட்டியைக் கழற்றிவிட்டால் கம்பெனிக்குத் தெரியுமா?

கேள்வி: அண்ணே, டீசல் டர்போ எஸ்யூவி வாங்கி 16 மாதம் ஆகிறது, வாரண்டி 3 வருடம். தினமும் கோட்டையூரிலிருந்து காரைக்குடி கடைக்குப் போய்வருவதுதான் ஓட்டம். வாங்கியபோது இருந்த புல்லிங் இப்போது இல்லை. ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் 20 சதவீதம் பவர் கூடும், சர்வீஸுக்கு விடும்போது கழற்றிவிட்டால் கம்பெனிக்குத் தெரியாது என்கிறார் டியூனிங் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: பவர் கூடும் என்பது நிஜம்தான் தம்பி. டர்போ டீசலில் அந்த அளவுக்குக் கூடவே கூடும். கம்பெனிக்குத் தெரியாது என்பதைத்தான் நம்ப வேண்டாம்.

அந்தப் பெட்டிக்குப் பொய் சொல்வதுதான் வேலை. காமன் ரெயில் என்ற பொதுக் குழாயில் டீசல் 1,600, 2,000 பார் அழுத்தத்தில் நிற்கும். அதை அளக்கும் சென்சாருக்கும், இஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லும். ஈசியூவும் நம்பி அழுத்தத்தை ஏற்றும், டீசல் கூடுதலாகப் பாயும், வண்டி பறக்கும். சரி, கழற்றிவிட்டீர்கள். ஆனால் மாட்டியிருந்த நாட்களில் ஏதாவது எரர் கோட் விழுந்திருந்தால், அந்த நேரத்து வேகம், ஆர்பிஎம் எல்லாவற்றையும் ஈசியூ பதிந்து வைத்திருக்கும், ஸ்கேனர் போட்டதும் வெளியே வந்துவிடும். ரீமேப், அதாவது ஈசியூவின் மென்பொருளையே மாற்றி எழுதுவது என்றால் இன்னும் சிக்கல். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல ஈசியூக்களில் தங்கிவிடும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் மென்பொருள் மாறியது தெரிந்தால் கம்பெனி கணக்கில் டிடி1 என்று குறி விழும், அப்புறம் எந்த ஊர் சர்வீஸ் சென்டரில் விட்டாலும் அந்தக் குறி கூடவே வரும்.

என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் பெட்டி மாட்டி, ஏழே மாதத்தில் கிளட்ச் தீய்ந்து, வாரண்டியும் கிடைக்காமல் கைக்காசைப் போட்டார். இஞ்சின் தாங்கினாலும் கிளட்ச் தாங்க வேண்டுமே!

‘வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி போகக்கூடாது, சட்டம் இருக்கிறது’ என்று யூடியூபில் சொல்வார்கள். அது பெரும்பாலும் அமெரிக்காவின் 1975-ஆம் வருடச் சட்டத்தை வைத்துப் பேசுவது. நம் ஊரில் போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் கம்பெனிகள் மீது கொடுத்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் விட்டதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது (கம்பெனிகள் அப்பீல் போனது தனிக் கதை). ஆயில் மாற்றுவதற்கு அது பொருந்தும். பெட்டி மாட்டி டர்போ போனால், பெட்டியால்தான் போனது என்று சொல்ல கம்பெனிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போதாததற்கு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. மாற்றியதைச் சொல்லாமல் மறைத்தால் இன்ஷூரன்ஸ்காரரும் கையை விரிக்கலாம்.

வாரண்டி போகாமல் பவர் ஏற்ற ஒரே வழி, கம்பெனியே ஒப்புக்கொண்ட டியூன். வெளிநாட்டில் வோல்வோவுக்குப் போல்ஸ்டார், ஃபோர்டுக்கு மவுன்டியூன் என்று அப்படி விற்றார்கள். உங்கள் வண்டிக்கு உண்டா என்று கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். சேல்ஸ்மேன் வாயால் சொன்னது கணக்கில் வராது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது வேறு. இருந்த புல்லிங் எங்கே போனது? அதைத் தேடாமல் பெட்டி மாட்டுவது, வளவில் ஒழுகும் ஓட்டை மாற்றாமல் முகப்புக்கு வர்ணம் அடிக்கிற கதை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கும். பிடித்த கரி எரிய வேண்டுமானால் அது 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற வேண்டும். கோட்டையூர்–காரைக்குடி ஓட்டத்தில் இஞ்சினே ஒழுங்காகச் சூடாகாது! கரி சேரும், புகை வெளியேற முட்டும், புல்லிங் செத்துப்போகும். வாரம் ஒரு முறை திருச்சி ரோட்டில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள், நம் செம்மண் புழுதிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை அது தாங்காது. டர்போ ஹோஸில் கசிவு இருந்தாலும் இதே கோளாறு வரும்.

இதையெல்லாம் நீங்கள் காசு கொடுத்துத் தேட வேண்டியதும் இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போய், ‘புல்லிங் குறைவு’ என்று ஜாப் கார்டில் எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருப்பதே இதற்குத்தான்.

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, வாரண்டியும் முடிந்துவிட்டது. இனி தாராளமாக ரீமேப் செய்யலாமே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வாரண்டிதான் முடிந்தது, 52-வது பிரிவும் இன்ஷூரன்ஸும் அப்படியேதான் இருக்கின்றன. டர்போ இல்லாத பெட்ரோலில் 5 முதல் 10 சதவீதம் கூடினாலே பெரிது, ஓட்டும்போது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் காசுக்கு நாலு ஸ்பார்க் பிளக்கும் நல்ல டயரும் போடுங்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றும் பிடியுங்கள்.