வாசகர் கேள்வி-பதில்: சுவரில் மாட்டும் குவில்ட்

கேள்வி: பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, தாமிரபரணிப் படித்துறையைக் குவில்ட்டாக (மேல் துணி, உள்பஞ்சு, பின் துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்திருக்கிறேன். "போர்வையப் போயி செவுத்துல மாட்டுதியேட்டி" என்று மாமியார் சிரிக்கிறார். கலைக் கண்காட்சியில் இதை எடுத்துக்கொள்வார்களா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: தாராளமாக. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971-லேயே பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை நவீன ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் காட்டிவிட்டது. அங்கே அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள், உடுத்தித் தேய்ந்த வேலைத் துணிகளைக் கிழித்துத் தைத்தவை 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. பழஞ்சேலை என்று நீங்கள் கூச வேண்டியதில்லை. பெரும்பாலும் முதல் தேர்வு புகைப்படத்தை வைத்துத்தான் நடக்கும். நான்கு ஓரமும் தெரிய ஒரு முழுப் படம், தையல் தெரியக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாமியாரின் கை படத்தின் ஓரத்தில் தெரிந்தால்கூடத் தள்ளிவிடுவார்கள்!

கேள்வி: தரையில் விரித்தால் தட்டையாக இருக்கிறது. மாட்டினால் ஓரம் அலை அலையாக நெளிகிறது, கீழ் மூலைகள் மடங்குகின்றன. இஸ்திரி போட்டும் சரியாகவில்லை. (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அகலமாகவும் தையல் ஓட்டியிருப்பீர்கள். தையல் நெருங்கிய இடத்தில் துணி சுருங்கும். ஓரம் சுருங்காமல் மிஞ்சி நெளியும். நடுவில் அரை அங்குல இடைவெளி என்றால் ஓரத்திலும் கிட்டத்தட்ட அதே இடைவெளி வேண்டும். அதனால் ஓரத்தில் கூடுதல் தையல் ஓட்டுவதுதான் முதல் வேலை.

அப்புறம் ஓரப்பட்டியைப் பிரித்துவிட்டு, குவில்ட்டைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் முதலில் தேய்த்துப் பாருங்கள், குறிப்பாகச் சிவப்பை. தெர்மாகோல் பலகையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகே ஓரத்தை நேராக வெட்டிப் பட்டி தைக்க வேண்டும். பட்டியை இழுத்துத் தைத்தால் ஓரம் சுருங்கி மூலை மடங்கும். குவில்ட்டை இழுத்துத் தைத்தால் மறுபடியும் அலைதான்.

கேள்வி: மேலே நான்கு வளையம் தைத்து ஆணியில் மாட்டினேன். இடையிடையே தொங்கிப்போகிறது. (வாசகி, தென்காசி)

பதில்: பாரம் நான்கு புள்ளியில் மட்டும் விழுகிறது. வளையத்தை எடுத்துவிட்டு, பின்பக்கம் நீளக் குழாய் தையுங்கள். 9 அங்குல அகலத்தில், குவில்ட்டைவிட 2 அங்குலம் குட்டையாகத் துணி வெட்டி, இரு முனைகளையும் மடித்துத் தைத்து, நீள ஓரங்கள் இரண்டையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்குங்கள். இரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, சுற்றளவு எட்டரை அங்குலம் நிற்கும். குவில்ட்டோடு ஒட்டும் பக்கத்துக்கு 4, சுவர்ப் பக்கத்துக்கு நாலரை என்று பிரித்து மடிப்பு எடுங்கள். அந்த அரை அங்குலத் தொய்வில்தான் கம்பி உட்காரும்; அது இல்லாவிட்டால் முன்பக்கம் புடைத்து வரிவரியாகத் தெரியும். மேல் ஓரத்துக்கு அரை அங்குலம் கீழே வைத்து, மேலும் கீழும் கைத்தையல் போடுங்கள். ஊசி பின் துணியையும் உள்பஞ்சையும் மட்டும் பிடிக்கட்டும். கம்பிக்கு ஓர் அங்குல அலுமினியப் பட்டை போதும். குவில்ட்டைவிட ஓர் அங்குலம் குட்டையாக வெட்டி, இரு முனையிலும் ஓட்டை போட்டால் ஆணி வெளியே தெரியாது. மரச்சட்டம் என்றால் வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். பூச்சில்லாத மரத்தின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும்.

கேள்வி: உள்ளே இலவம்பஞ்சு வைக்கலாமா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: தலையணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலவம் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடிக்காது. தொங்கவிட்டால் கீழே இறங்கித் திரளும். ஒரு அடுக்கு ஃபிளானல் (மெத்தென்ற பருத்தித்) துணி போதும், தட்டையாகவும் நிற்கும். ஆனால் பிறகு சுருங்காமல் இருக்க, தைப்பதற்கு முன்பே நனைத்துக் காயவையுங்கள், மேல் துணியையும் சேர்த்துத்தான்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எப்படிப் பத்திரப்படுத்துவது? (வாசகி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: மடிக்காதீர்கள், மடிப்பில் இழை முறியும். முன்பக்கம் வெளியே இருக்குமாறு அட்டைக் குழாயில் சுருட்டி, துவைத்த காடாத் துணியால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டையைத் துணியில் படும்படி போடாதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதானால் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே அரை அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.