எங்கே சிக்கும் என்று சொல்லும் புத்தகம்

அன்புள்ள அக்கா,

புதிதாக வாசிக்க வருபவர்களுக்காக நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு நூல் பட்டியல் தயாரிக்கிறோம். ஐம்பது நாவல்கள், ஐம்பது கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் (தையல், ஓவியம், நீச்சல், கணக்கு, நேரத்தை நிர்வகிப்பது இப்படி), மொத்தம் நூறு. ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்க என்ன தகுதி வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இணையத்தில் வாங்கிய நட்சத்திரங்களை வைத்தே தேர்ந்தெடுக்கலாம் என்கிறார் ஒருவர். கதைகளால் என்ன பயன், அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். புனைவு வாசித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுவதாக ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அதை முன்னுரையில் போட்டு அவரைச் சமாதானப்படுத்தலாமா? பாதியில் விட்ட புத்தகங்களைச் சேர்க்கலாமா? கதையின் முடிவைக் குறிப்பில் சொல்லலாமா? உங்கள் அளவுகோல் என்ன?

ஒரு வாசகர்

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கோபத்தில் இருந்தேன். ஒரு நண்பர் “வாழ்க்கையையே மாற்றிவிடும்” என்று சொல்லிக் கொடுத்த புத்தகத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். நல்ல தாள், நல்ல அச்சு. உள்ளே பத்துப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே யோசனை, முந்நூறு பக்கத்துக்கு இழுத்து வைத்திருந்தது. இதை எப்படி இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே பதில்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். மிகவும் பிடித்தவர்களும் மிகவும் எரிச்சலடைந்தவர்களும்தான் அங்கே அதிகம் எழுதுகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். கதையால் என்ன பயன் என்று கேட்கும் நண்பரோடு வாதாடாதீர்கள். அவருக்குக் கதை வேண்டாம் என்றால் வேண்டாம், விடுங்கள்.

ஆனால் அந்த ஆய்வை முன்னுரையில் போடாதீர்கள். நீங்கள் சொல்வது 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் டேவிட் காமர் கிட், எமானுவேலே கஸ்டானோ இருவரும் வெளியிட்டதாக இருக்க வேண்டும். இலக்கியத் தரமான கதைப் பகுதியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு கண்களை மட்டும் காட்டும் புகைப்படங்களைப் பார்த்து அந்த ஆளின் மனநிலையைச் சொல்ல வைத்தார்கள். அந்தக் கதையைப் படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகச் சொன்னார்கள் என்பது முடிவு. உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு வேறு குழுக்கள் இன்னும் அதிகம் பேரை வைத்து அதையே செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2016இலும் 2018இலும் அந்த மறுசோதனைகள் வெளியாகின. முதல் செய்தி பரவிய அளவுக்கு இது பரவவில்லை. தம்பி, ஒரு நாவலை நேசிக்கிறவர் அதற்காகப் பரிசோதனைக்கூடத்தில் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. வாங்கினால், சான்றிதழ் செல்லாது என்று ஆகும் நாளில் நாவலும் சேர்ந்து செல்லாமல் போகும்.

சரி, அளவுகோல். இதற்கு என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா இறந்த பிறகு அத்தைக்கு மிஞ்சியது ஒரு பழைய தையல் மெஷின். தைக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் ஒரு தையல் புத்தகத்தை வாங்கி வந்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க, அவர் மெஷினில் செய்து பார்ப்பார். துணியின் மேல்பக்கம் தையல் ஒழுங்காக விழும். திருப்பினால் அடியில் நூல் சுருண்டு சுருண்டு குருவிக்கூடு மாதிரி கிடக்கும். அத்தை அடியில் இருக்கும் பாபினைக் கழற்றுவார், துடைப்பார், நூலை உருவித் திரும்பச் சுற்றுவார், மாட்டுவார். மறுபடியும் குருவிக்கூடு. புத்தகத்தைப் பார்க்கச் சொல்வார். நான் பார்ப்பேன். “நூலைச் சரியாகக் கோர்க்கவும்” என்று இருக்கும். அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் அழகான ஒரு படம், ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் போட்டு.

அப்புறம் நூலகத்திலிருந்து வேறொரு புத்தகம் கிடைத்தது. மட்டமான அச்சு, படங்கள் பாதி தெரியாது. ஆனால் அதில் கீழே நூல் சுருண்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் இருந்தது. பாபினைத் தொட வேண்டாம், கோளாறு மேலே இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லியது. மேல் நூல், இழுவையைக் கட்டுப்படுத்தும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் சரியாக உட்காராமல் போனால் அது தளர்ந்து ஓடும். தளர்ந்த நூல் முழுவதும் அடியில் போய்ச் சுருளும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது தகடுகள் மூடிக்கொள்ளும், நூல் உள்ளே போகாது. ஆகவே பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோர்க்க வேண்டும். அத்தை தூக்கினார், கோர்த்தார், தைத்தார். துணியைத் திருப்பினார். அடியிலும் மேல்பக்கம் போலவே வரிசையாகத் தையல்.

அத்தை என்னிடம் சொன்னது இதுதான்: “மொதல் பொஸ்தகத்தை எழுதினவன் மெஷினைப் பாத்திருக்கான். இவ தைச்சிருக்கா.”

இத்தனை வருடம் புத்தகங்களோடு வாழ்ந்த பிறகும் இதைவிடக் கூர்மையான நூல் விமர்சனத்தை நான் படித்ததில்லை. நீங்கள் கேட்ட அளவுகோல் இதற்குள்ளேயே இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் புத்தகம் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார், விழும்போது அவர் கண்ணுக்கு என்ன தெரியும், அவர் எந்தத் தப்பான இடத்தில் கைவைப்பார் என்று அது சொல்கிறதா என்று பாருங்கள். நீச்சல் புத்தகம் என்றால், மூச்சு வாங்கத் தலையைத் தூக்கியதும் இடுப்பு மூழ்கும் என்று சொல்ல வேண்டும். கால் உதைப்பதில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக உதைக்கிற ஆளை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் நேரத்தை நிர்வகிக்கச் சொல்லித்தரும் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் “கவனச் சிதறலைத் தவிருங்கள்” என்று எழுதியிருக்கும். அது “நூலைச் சரியாகக் கோர்க்கவும்” என்பதேதான். கஷ்டமான இடம் எதுவோ அதை ஒரு வார்த்தையில் தாண்டிப் போவது. எழுதியவருக்கு அந்த இடம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் உங்களுக்காக அங்கே நிற்க விரும்பவில்லை. இரண்டில் எதுவானாலும் அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி கதைகளுக்கு வருகிறேன். அத்தை தைக்கப் பழகிய பிறகு, அவர் வேலை செய்யும் நேரங்களில் நான் கதைகள் படித்துக்காட்டுவேன். ஒரு தொடர்கதையில் நாயகி இரவில், எண்ணெய் விளக்கைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்தபடி தன் கணவனை மன்னிக்கிறாள். அத்தை மெஷினை நிறுத்திவிட்டார். “தூரத்து வெளக்குல கறுப்பு மேல கறுப்பு தெரியாதுடி. இவ தைக்கவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல.”

அந்த இரண்டாவது பாதி எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது அதைத்தான் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதையில் தகவல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று அத்தை சொல்லவில்லை. பேசும் பறவையும் பறக்கும் குதிரையும் வந்த கதைகளை வாய்திறந்து கேட்டவர் அவர். அந்த ஆசிரியர் மன்னிப்பையும் தையலைப் போலவே தூரத்திலிருந்து எழுதியிருந்தார் என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. மன்னிப்பு எங்கே முரண்டுபிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டோம் என்று நினைத்த பிறகு, அந்த ஆள் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்கும் சத்தத்தில் பழைய கோபம் பொங்கும். மன்னிப்பைக் கேட்டவரைவிடக் கொடுத்தவருக்குக் கூச்சமாக இருக்கும். அங்கே நின்று எழுதாமல் “அவள் மன்னித்தாள்” என்று எழுதிவிட்டுப் போனால், அதுவும் “சரியாகக் கோர்க்கவும்” வகைதான். மோசமான நாவலும், கற்றுக்கொடுக்க வரும் மோசமான கைநூலும் ஒரே குற்றத்தைச் செய்கின்றன.

இரண்டையும் ஒரே புத்தகத்தில் செய்து காட்டிய ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில். 1841இல் திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கடலுக்குப் போனவர். பத்து வருடம் கழித்து, 1851இல், அவருடைய ‘மோபி டிக்’ நாவல் வெளிவந்தது. அதன் 60ஆவது அத்தியாயம் முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது. ஈட்டியோடு கட்டப்பட்டிருக்கும் அந்தக் கயிறு முக்கால் அங்குலம்கூடக் கனம் இல்லை, நீளம் 1200 அடிக்கு மேல். அதைத் தொட்டியில் சுருட்டி வைப்பதற்கே சிலர் காலை நேரம் கிட்டத்தட்ட முழுவதையும் செலவிடுவார்கள். காரணம், படகில் துடுப்புப் போடுகிறவர்கள் எல்லோரையும் உரசிக்கொண்டுதான் அது ஓடும். திமிங்கலம் இழுத்து ஓடும்போது சுருளில் ஒரு சிறு முறுக்கு விழுந்திருந்தாலும் யாருடைய கையோ காலோ, ஏன் உடம்போகூட, போய்விடும். இதைப் படிக்கும்போது கதை நின்றுவிட்டதே என்று பலர் பக்கத்தைத் தள்ளுகிறார்கள். தள்ளாதீர்கள். கடைசியில், 135ஆவது அத்தியாயத்தில், ஓடும் கயிறு சிக்கிக்கொள்கிறது. கேப்டன் ஏஹாப் குனிந்து அதை விடுவிக்கிறார். விடுவித்தும் விடுகிறார். ஆனால் பறக்கும் சுருள் ஒன்று அவர் கழுத்தில் விழுந்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கைநூல் போல 60இல் சொன்ன எச்சரிக்கை, 135இல் ஒரு மனிதனின் விதியாகிறது. நான் முடிவைச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா? முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற கதையை ஏன் பரிந்துரைக்க வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் புத்தகம் மெல்வில் இருக்கும்போது அவ்வளவாக விற்கவில்லை. 1891இல் அவர் இறந்தார். 1920களில்தான் அது மறுபடியும் வாசகர்கள் கைக்கு வந்தது. அதைப் படித்த சிலர், படியுங்கள் படியுங்கள் என்று மற்றவர்களை விடாமல் பிடித்து உலுக்கியதால் வந்தது. நீங்கள் செய்யப்போகிற வேலை அது. அதைப் போய் நட்சத்திரங்களைக் கூட்டிக் கழித்துச் செய்யலாம் என்கிறாரே உங்கள் நண்பர்!

நம்மிடமும் இதற்கு நல்ல உரைகல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரம், அதாவது முன்னுரை. அதில் நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், போகப்போகப் பொருள் தேய்ந்து முடியும் சென்றுதேய்ந்திறுதல்... என் நண்பர் கொடுத்த அந்த முந்நூறு பக்கப் புத்தகத்தில் இவை எல்லாமே இருந்தன. அதைவிட முக்கியம், ஒரு பாயிரம் தெரிவிக்க வேண்டிய எட்டு விஷயங்களில் ‘கேட்போர்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார். இந்த நூல் யாருக்கு? அதற்குப் பிறகுதான் ‘பயன்’ வருகிறது. உங்கள் கடிதத்தில் நூறு புத்தகம் இருக்கிறது, தகுதி இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. கேட்போர் எங்கே? “புதிதாக வாசிக்க வருபவர்கள்” என்றால் யார்? பள்ளியில் பாடப்புத்தகத்தோடு வாசிப்பை விட்டவரா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரா, ராத்திரியில் குழந்தையைத் தூங்கவைத்த பிறகு அரைமணி நேரம் மட்டும் கிடைக்கிற பெண்ணா? நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். எல்லோருக்கும் நூறு நூல் என்று அவர் சொல்லவில்லை.

அந்த நூறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். உங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, உண்மையாகவே செய்து பார்த்த கைநூல்கள் ஐம்பது இருக்கிறதா? நீந்திப் பார்த்தவர் நீச்சல் புத்தகத்தைச் சொல்கிறாரா, அல்லது அட்டையின் பின்பக்கத்தைப் படித்தவரா? கோபிக்காதீர்கள். நீங்கள் அக்கறையோடு செய்கிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். புதிதாக வருகிற ஒருவர் முதல் இரண்டு புத்தகங்களில் ஏமாந்தால், குறை புத்தகத்தில் என்று நினைக்க மாட்டார். தனக்கு வாசிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுவார். என் அத்தையும் அந்த முதல் புத்தகத்தோடு நிறுத்தியிருந்தால், தனக்குக் கை வராது என்றுதான் நினைத்திருப்பார்.

பாதியில் விட்ட நாவலைச் சேர்க்காதீர்கள். பாதியில் விட்ட கைநூலைச் சேர்க்கலாம், உங்களுக்கு வேண்டியது அந்தப் பாதியிலேயே கிடைத்து, அதைச் செய்தும் பார்த்திருந்தால். மருந்து, சட்டம், கணினி பற்றிய நூல்கள் என்றால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். தையலும் நீச்சலும் ஓவியமும் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழேயும் இரண்டு வரி எழுதுங்கள்: இது யாருக்கு, இதில் எந்தப் பக்கம் உங்களைக் கைதூக்கிவிட்டது. அந்த இரண்டு வரியை எழுத முடியாத புத்தகங்களை அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதை எனக்கு அனுப்புங்கள். பன்னிரண்டுதான் தேறியது என்றாலும் சரி, நான் முழுதாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா