ஜாமீனில் ஏழை, பணக்காரர் வித்தியாசத்தை ஆய்வில் காட்ட சிறைப் புள்ளிவிவரம் போதுமா?

போதாது. ஆய்வேடு எழுதப் போகிறவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது 75.8 சதவீதம். இந்த எண்ணை எழுதிய கையோடு “ஆகவே ஏழைகள்” என்று தாவாத கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது டிசம்பர் 31 அன்று எடுத்த தலைக்கணக்கு. தினம் ஒருவர் வந்து 10 நாளில் வெளியே போனாலும், 36 நாளுக்கு ஒருவர் வந்து 360 நாள் கிடந்தாலும், என்றைக்கு எண்ணினாலும் பத்துப் பேர்தான். ஆனால் ஆண்டுக்கு முன்னது 365 பேர், பின்னது 10 பேர். சின்ன வழக்கில் மாட்டும் கூலித்தொழிலாளி இந்தக் கணக்கில் கரைந்துபோகிறார்.

அளக்க வேண்டியது, ஜாமீன் உத்தரவுக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட நாட்களை. “தலா ரூ.10,000-க்கு இரு நபர் ஜாமீன்” என்றால் பணம் கட்டச் சொல்லவில்லை. அந்தத் தொகைக்கு வகையுள்ள இருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்; ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் பல உத்தரவுகளில் இருக்கும். வெளியூர்க்காரர் சிக்குவது இங்கேதான். வெளி மாவட்டத்தார் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று 1978-லேயே மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு வழக்குக்கும் கைது, மனு, உத்தரவு, விடுதலை என நான்கு தேதி எடுங்கள். இவற்றை இணைக்கும் சாவி, நீதிமன்றப் பதிவில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் சிஎன்ஆர் எண் அல்ல. உயர் நீதிமன்ற ஜாமீன் மனுவுக்கு அது வேறாக இருக்கும். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றையும் வைத்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். விடுதலைத் தேதி நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் கிடைக்காது. பெயர் கேட்காமல், தகவல் உரிமைச் சட்டத்தில் சிறையிடம் கேளுங்கள். வேறு வழக்கில் ரிமாண்டில் இருப்பவரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அவர் உள்ளே இருப்பதற்குக் காரணம் ஜாமீன்தாரர் அல்ல.

தாமதத்தை 7 நாள், 30 நாள் என்று வெட்டுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவின்படி, 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட்டே பரிசீலிக்கலாம்.

“பிஎன்எஸ்எஸ் 479 இருக்கிறதே” என்று வக்கீல்கள் சண்டைக்கு வருவார்கள். நீண்ட நாள் உள்ளே இருக்கும் விசாரணைக் கைதியை ஜாமீனில் விடச் சொல்லும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு அது. இருக்கிறது, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்திருக்க வேண்டும், மற்றவர் பாதி. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அது பொருந்தாது. அதோடு, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவரின் பிரச்சினையே வேறு.

ஒரு புலம்பல்: தகவல் உரிமைப் பதில் பெரும்பாலும் ஸ்கேன் செய்த தாளாகத்தான் வரும், அதுவும் கோணலாக. தேதிகளை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். நாளும் மாதமும் இடம் மாறிவிடும். உத்தரவுக்கு முந்தைய தேதியில் விடுதலை வந்தால், முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.