ஐம்பதாயிரத்துக்குள் கேமிங் பிசி: 256 ஜிபி எஸ்எஸ்டியும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் போதுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னதன் சுருக்கம் இது. மானிட்டரும் கீபோர்டு மவுஸும் கையில் இருக்கின்றன, மற்ற எல்லாவற்றுக்கும் ஐம்பதாயிரம் ரூபாய். வாலரண்ட், ஜிடிஏ 5, முடிந்தால் பால்டர்ஸ் கேட் 3 ஆட வேண்டும். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் ஐ5-12400எஃப் ப்ராசஸர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் டிரைவ்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், அப்புறம் "கேமிங் கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்" (பெட்டியும் அதோடு வரும் பவர் சப்ளையும்) என்று ஒரு வரி. இது சரிதானா என்று கேட்கிறீர்கள்.

ப்ராசஸர் சரி, அதை மாற்ற வேண்டாம். ஸ்டோரேஜ், கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கடைசி வரி மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். ஸ்டோரேஜைத்தான் குறிப்பாகக் கேட்டிருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்தவர்களுக்கு பிசி அசெம்பிள் செய்து கொடுப்பது எனக்கு வழக்கம். பட்ஜெட் குறையும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது இங்கேதான்.

256 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 238 ஜிபிதான். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவே. அதில் விண்டோஸும் அதன் அப்டேட்களும் பிரவுசரும் இதர சாமான்களும் போக மிஞ்சுவதில் பால்டர்ஸ் கேட் 3 போட்டால் கதை முடிந்தது. அந்த ஒரு கேமுக்கே 150 ஜிபி காலியிடம் கேட்கிறார்கள். அதுவும் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும் என்று குறைந்தபட்சத் தேவையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஜிடிஏ 5-ம் நூறு ஜிபி பக்கம் போகும். அதனால் அது ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் தள்ளப்படும்.

ஹார்ட் டிஸ்க்கில் என்ன ஆகும்? 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகிறது. வேண்டிய தகவல் ஊசிக்கு அடியில் வர சராசரியாகப் பாதிச் சுற்று, அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் ஒரு எட்டு, ஒன்பது மில்லிசெகண்ட். ஆக ஒரு துண்டுத் தகவலைத் தேடிப் பிடிக்கவே பன்னிரண்டு மில்லிசெகண்டுக்கு மேல். 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 16.7 மில்லிசெகண்ட்தான். ஜிடிஏவில் வண்டியை விரட்டிக்கொண்டு போகும்போது கேம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் ஈடுகொடுக்க முடியாதபோது எதிரே வரும் கட்டடம் மங்கலாக நின்றுவிட்டு, நீங்கள் தாண்டும் நேரத்தில்தான் ஜன்னலும் செங்கல்லும் தெளிவாகும். கிராபிக்ஸ் கார்டு மோசம் என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான். எஸ்எஸ்டியில் அதே தேடல் 0.1 மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது.

அதற்கு அடுத்த படிகளில் லாபம் வேகமாகச் சுருங்குகிறது. சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ என்ற வேகமான வகையில் ஜென்3 (மூன்றாம் தலைமுறை) சுமார் 3500, ஜென்4 சுமார் 7000 என்று அட்டைப் பெட்டியில் எண்கள் பெரிதாகிக்கொண்டே போகும். பெரும்பாலான கேம்களில் இந்த மூன்றுக்கும் இடையே லோடிங்கில் தெரிவது ஓரிரு நொடி வித்தியாசம்தான். சுருக்கி வைத்த தகவலை ப்ராசஸர் விரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் நேரம் போகிறது. இதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பிசியில் அதைப் பயன்படுத்தி வந்த முதல் கேம் 2023 ஜனவரியில் வெளியானது. அதற்குப் பிறகும் அதைப் பயன்படுத்தும் கேம்கள் மிகக் குறைவு. உங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. எச்610 சிப்செட்டில் எம்.2 ஸ்லாட்டுக்கு (போர்டில் டிரைவைச் செருகும் இடம்) கிடைப்பது ஜென்3 வேகம்தான். அதில் ஜென்4 டிரைவைச் செருகினாலும் ஜென்3 ஆகத்தான் ஓடும்.

ஆகவே வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், இடத்துக்குக் கொடுங்கள். ஒரே ஒரு 1 டிபி ஜென்3 என்விஎம்இ, ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால் நொடிக்கு 12.5 எம்பி இறங்கும், 150 ஜிபி கேம் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல். சின்ன டிரைவ் வாங்கினால் ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றைப் போட முடியும். நண்பர்கள் கூப்பிடும்போது அழித்ததையே திரும்ப இறக்க வேண்டியிருக்கும். லோடிங்கில் மிச்சம் பிடித்த இரண்டு நொடிகள் இதற்கு எந்த மூலைக்கு?

எஸ்எஸ்டியின் சிப் டிஎல்சி வகையா க்யூஎல்சி வகையா என்று கடையில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, மாடல் பெயரை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள். டிஎல்சியில் ஒரு செல்லுக்கு (சிப்பில் தகவல் வைக்கும் பொடி அறை) மூன்று பிட், க்யூஎல்சியில் நான்கு. நான்கு பிட்டைத் திணித்து எழுதுவது மெதுவான வேலை. அதை மறைக்கத்தான் டிரைவின் ஒரு பகுதியை வேகமான கேஷாக (தற்காலிகக் கிடங்காக) ஒதுக்கி வைப்பார்கள். நண்பர் வீட்டு டிரைவிலிருந்து நூறு ஜிபி ஃபோல்டரை ஒரே மூச்சில் காப்பி செய்தால் அந்த வேஷம் கலையும். விண்டோஸின் பச்சை வரைபடம் நொடிக்கு ஆயிரம் எம்பிக்கு மேல் மலைபோல நிற்கும், கேஷ் நிரம்பியதும் செங்குத்தாகச் சரிந்து ஹார்ட் டிஸ்க் வேகத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். மலிவான சில டிரைவ்களில் நூறு எம்பிக்கும் கீழே போவதுண்டு. ஆனால் நெட்டிலிருந்து நொடிக்கு 12 எம்பி இறங்கும் இடத்தில் இந்தச் சரிவு கண்ணிலேயே படாது. கேம் என்பது ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கிற சமாச்சாரம். அதனால் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் க்யூஎல்சி வாங்குவதில் தப்பில்லை, விளிம்பு வரை நிரப்பாமல் இருந்தால் சரி. வித்தியாசம் சில நூறுதான் என்றால் டிஎல்சி.

எம்.2 என்பது வெறும் வடிவம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே நீளம் அகலத்தில் எம்.2 சாட்டா டிரைவும் கிடைக்கிறது. ஸ்லாட் அதை ஏற்கவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் போர்டின் செட்டிங் திரை) டிரைவே தெரியாது. பில்லில் என்விஎம்இ என்று எழுதி வாங்குங்கள். டிரைவின் முனையைப் பிடித்து நிறுத்தும் பொடி ஸ்க்ரூ போர்டு பெட்டிக்குள் ஒரு குட்டிக் கவரில் இருக்கும், கடையில் அசெம்பிள் செய்தால் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தனியாகத் தேடினால் கிடைப்பதில்லை.

2025 கடைசியிலிருந்து ரேமும் எஸ்எஸ்டியும் விலை ஏறிக் கிடக்கின்றன. ஏஐ சர்வர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதன் விளைவு. அதனால் 1 டிபி கட்டுப்படியாகவில்லை என்றால் 500 ஜிபி என்விஎம்இ ஒன்றை இப்போது போடுங்கள், பிறகு சாட்டா எஸ்எஸ்டி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். எச்610 போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான், ஆனால் சாட்டா போர்ட்டுக்குப் பஞ்சமில்லை. ரேமில் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி ஒற்றைக் குச்சி வேண்டாம். இரண்டு சேனலிலும் ஓடினால் கேமில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கை நீக்கியதில் மிஞ்சுவது கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். 4 ஜிபி கார்டு இன்றைக்கு வாங்கும் பொருளே அல்ல. ஆர்எக்ஸ் 6600 போல 8 ஜிபி கார்டு பாருங்கள், 1080பி-யில் நீங்கள் சொன்ன மூன்றையும் தாராளமாக ஓட்டும். பட்ஜெட்டில் பாதி வரை இதற்கே போனாலும் யோசிக்க வேண்டாம். கொட்டேஷனில் உள்ள 4 ஜிபி கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியாக இருந்தால், அதற்கு நான்கு பிசிஐஇ லேன்தான் (கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதை). ரைசன் 5 5500 மாதிரி பிசிஐஇ ஜென்3 வேகம் மட்டுமே தரும் ப்ராசஸரோடு சேர்த்தால் அது இன்னும் சொதப்பும். மறக்க வேண்டாம், 12400எஃப்-இல் அந்த எஃப் என்பது உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று சொல்கிறது. கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் அதுவரை திரையில் ஒன்றும் வராது.

இப்போது கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ். ஸ்டிக்கரில் 450 வாட் என்றிருக்கும். கூடவே ஒட்டியிருக்கும் சின்ன அட்டவணையைப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட் வரும். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் அந்த எண் ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே வராது. ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் இழுக்கும். தெரிந்த பிராண்டில் 80 ப்ளஸ் ப்ரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள், கலர் விளக்கு கேபினட்டை விட்டுவிட்டு சாதாரண கேபினட் எடுத்தால் அந்தக் காசு வந்துவிடும். யூபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் அதற்குள் அடங்கும், ஆனால் கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் இருக்கும்.

கருத்துப் பகுதியில் ஒருவர் "பழைய ஐ7, 16 ஜிபி, எஸ்எஸ்டியோடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று கேட்டிருக்கிறார். அவற்றில் முக்கால்வாசி இன்டெல் ப்ராசஸரின் நான்காம் ஜென்னோ (தலைமுறை) அதற்கு முந்தையதோ. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் ஜென்னிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. வாலரண்ட் வேறு விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் திறக்கும். வாலரண்ட்தான் உங்கள் முதல் கேம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கொட்டேஷனைத் திருத்தி வாங்கும்போது ஒவ்வொரு வரியிலும் முழு மாடல் பெயர் இருக்கட்டும். "எஸ்எஸ்டி 1 டிபி" என்று மட்டும் எழுதினால் அன்றைக்குக் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள். பிசி வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பவர் ஆன் ஹவர்ஸ் பாருங்கள். புது டிரைவ் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம்தான் காட்ட வேண்டும். ஆயிரங்களில் இருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள். அப்படியே பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டு ரேம் 3200-இல் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அசெம்பிள் செய்பவர்கள் இதைப் பெரும்பாலும் செய்து கொடுப்பதில்லை.