பள்ளியில் செல்போனைத் தடை செய்தால் பிள்ளைகளின் மனநலம் மேம்படுமா?

கேட்டிருப்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். தடை வேண்டும் என்பதே என் கட்சி. பிரான்ஸ் 2018லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால் தடை மட்டும் போதும் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவாள். ஒருநாள் அவள் பையில் சத்துணவுத் தட்டுக்கு அடியில் செல்போன் இருந்தது. விதிப்படி வாங்கி பீரோவில் பூட்டினேன். அம்மாவை அழைத்து வந்தால்தான் தருவோம்.

பள்ளி விட்ட பிறகும் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாவற்றையும் நாங்கள் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் பாட வேளையில் செல்போனும் கையுமாக ஜன்னலோரம் நிற்கிறோம். இதைப் பார்க்கிற பிள்ளையிடம் எந்த முகத்தோடு 'கொண்டு வராதே' என்பது? டீச்சர் புலம்பல் என்று எழுதுபவர்கள் ஒருநாள் வந்து நின்று பாருங்கள்.

நாலரை மணிக்கு பீரோவுக்குள் அந்த செல்போன் அதிர ஆரம்பித்தது. இரும்புத் தட்டில் டர்ர், டர்ர் என்று ஓயவே இல்லை. அம்மாதான் தேடுகிறாரோ என்று திறந்தேன். பூட்டிய திரையிலேயே தெரிந்தது: டியூஷன் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு. அவள் பல்லைப் பற்றி, நிறத்தைப் பற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக.

மறுநாள் அம்மா வந்தார். 2020இல் மூத்தவனின் ஆன்லைன் வகுப்புக்காகத் தோட்டை அடகு வைத்து வாங்கிய செல்போனாம். நீட்டினேன். அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்ககிட்டயே இருக்கட்டும் மிஸ்" என்றாள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2025இல் வந்தது. செல்போனைத் தடுக்கும் பள்ளி, அனுமதிக்கும் பள்ளி இரண்டிலும் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நாள் முழுக்க எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ அவ்வளவுக்கு மனநிலையும் தூக்கமும் மோசமாக இருந்தன. தடையே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வகுப்பில் கவனம் சிதறாமல் இருக்கவாவது அது வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணைத் தூங்கவிடாதது ராத்திரி வருகிற மெசேஜ்கள். அதுவரை என் விதி எட்டாது.

குழுவை விட்டு விலகச் சொன்னேன். "விலகினா இன்னும் பேசுவாங்க மிஸ்" என்றாள். நானும் அவள் அம்மாவும் டியூஷன் சாரைப் போய்ப் பார்த்தோம். அவர் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசி, குழுவைக் கலைக்க வைத்தார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் செல்போன் அம்மாவின் தலையணைக்கு அடியில். காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் முதல் பீரியடில் அவள் தூங்கி நான் பார்க்கவில்லை.